தனுஷ்கோடி "பேய் டூர்", தலைக்கு 2,500 ரூபா... நம்பி போலாமா?

சேலத்து_மாம்பழம் (கேள்வி):

மக்களே ஒரு சந்தேகம். அடுத்த மாசம் ஆபீஸ் பசங்க ஏழு பேர் ராமேஸ்வரம் கிளம்புறோம். கோயில், 22 தீர்த்தம், புது பாம்பன் பாலம், கலாம் அய்யா நினைவிடம் இதெல்லாம் எப்பவும் போல லிஸ்ட்ல இருக்கு. இப்ப என்னன்னா எங்க டீம்ல ஒருத்தன் இன்ஸ்டாவுல ஒரு பேஜ் புடிச்சிட்டு வந்து ஒத்தக்கால்ல நிக்கிறான். "பேய் நகரத்தில் ஓர் இரவு"ன்னு, 1964 புயல்ல அழிஞ்ச தனுஷ்கோடிக்கு டூராம். தலைக்கு 2,500. சாயங்காலம் நாலு மணிக்கு ரூமுக்கே வந்து ஏத்திக்குவாங்க, இடிஞ்ச சர்ச், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் காட்டிட்டு இருட்டுனதுக்கு அப்புறம் மெஷின் வச்சு ஆவி தேடுவாங்களாம், கடைசியா பரோட்டா டின்னரும் உண்டாம் (ஆவிய தேடிட்டு வந்து பரோட்டா எறங்குமான்னு கேக்காதீங்க).

எனக்கு பேய் மேல பெருசா நம்பிக்கையும் இல்ல, ராத்திரி தனியா மொட்டை மாடிக்கு போற தைரியமும் இல்ல, அதனால நடுவுல நிக்கிறேன். ஆனா அந்த பேஜ்ல போட்டிருக்கிறத படிச்சா ஏதோ உறுத்துது. 1964லயே அரசாங்கமே இத பேய் நகரம்னு அறிவிச்சிடுச்சு, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்னு ஒரு ரீல். ஆறு மணிக்கு மேல போலீஸ் யாரையும் உள்ள விடாததுக்கு காரணமே ஆவிங்கதான்னு இன்னொன்னு. போட் மெயில்ங்கிற ரயிலு ஆயிரம் பேரோட கடலுக்குள்ள போச்சு, இன்னைக்கும் அமாவாசை அன்னைக்கு ரயில் விசில் கேக்கும்னு மூணாவது. அதுக்கு கீழ கமெண்ட்ல ஒரு அம்மா "எங்க மாமா அந்த புயல்ல தான் போனாரு, இப்படி பண்ணாதீங்க தம்பி"ன்னு எழுதியிருக்காங்க. அந்த பேஜ்காரன் ஒரு பேய் எமோஜி போட்டு "அவரையும் சந்திக்கலாம் வாங்க"ன்னு பதில் போட்டிருக்கான். அத பாத்ததுல இருந்து மனசே ஒப்பல.

500 அட்வான்ஸ் வேற கட்டியாச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க, இதுல எது நெசம் எது கதை? போலாமா வேணாமா?

வெட்டி_ஆபீசர்:

2,500 குடுத்து ஆவி பாக்கணுமா? எங்க மெஸ்ல காலைல ஏழு மணிக்கு இட்லி கொப்பரைய தொறக்குறப்ப வந்து நில்லுங்க, ஃப்ரீயா பாக்கலாம்.

தங்கச்சிமடம்_பொடியன்:

நான் அந்த தீவுக்காரன், கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த "அரசாங்கமே அறிவிச்சது" மேட்டர். புயலுக்கு அப்புறம் அன்னைக்கு இருந்த மெட்ராஸ் அரசாங்கம் இந்த ஊர் மனுஷன் குடியிருக்க லாயக்கில்லைன்னு அறிவிச்சது, இங்கிலீஷ்ல "கோஸ்ட் டவுன்"னு. இங்கிலீஷ்காரன் ஜனம் காலி பண்ணிட்டு போன எந்த ஊரையும் அப்படி தான் சொல்லுவான், தங்கம் தீர்ந்து போய் மூடுன சுரங்கத்து ஊரு கூட அவனுக்கு கோஸ்ட் டவுன் தான், அங்க எந்த பேயும் கெடையாது. நம்மாளு அத அப்படியே பெயர்த்து பேய் நகரம்னு போஸ்டர் அடிச்சுட்டான். எங்க அப்பத்தா "அழிஞ்ச ஊரு"ன்னு மட்டும் தான் சொல்லும். ஒரு அரசாங்க உத்தரவோட மொழிபெயர்ப்பு தப்பை வச்சு ஒருத்தன் தலைக்கு 2,500 வாங்குறான்னா அவன் சாமர்த்தியசாலி தான், ஒத்துக்குறேன்.

அதுலயும் ஆளே இல்லைங்கிறதும் பொய். ஓலைக் குடிசை போட்டு மீன்பிடி குடும்பங்க இன்னைக்கும் அங்க தான் இருக்கு, பிள்ளைங்களுக்கு ஒரு அரசு ஸ்கூல் கூட இருக்கு. கடல்ல இருந்து கூப்பிடு தூரத்துல மணல்ல ஒரு ஆள் இடுப்பளவு தோண்டி, ஊறி வர்ற தண்ணிய சிரட்டையால மொண்டு மொண்டு குடத்துல ஊத்துவாங்க பாருங்க, ரெண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவுல குடிக்கிற தண்ணி! டூர்காரன் வண்டி அந்த ஊத்துக்கு பக்கத்துல தான் நிக்கும், ஆனா அவன் அத காட்ட மாட்டான், ஏன்னா குடம் தூக்குற அக்கா ஃபிரேம்ல வந்தா பேய் நகரம் எஃபெக்ட் போயிரும்ல.

ஆறு மணி கட்டுப்பாடு உண்மை தான். ராத்திரி ரோடு நெடுக இருட்டு, மணல் ரோட்டு மேலயே ஏறி கெடக்கும், ரோடு முடியுற அரிச்சல்முனை பக்கம் எறங்கி கால் நனைச்சா இழுத்துட்டு போயிரும், அப்புறம் அந்தப் பக்கம் இலங்கையோட தலைமன்னார், இது எல்லைப் பகுதி, கடத்தலும் நடக்குது. போலீஸ் டார்ச் அடிச்சு வெளிய அனுப்பாம வேற என்ன பண்ணுவாங்க. அப்ப உங்க டூர்காரன் ராத்திரி எங்க கூட்டிட்டு போறான்னு யோசிச்சீங்களா? ஆறு மணிக்கு எல்லார் மாதிரியும் செக்போஸ்ட் தாண்டி வெளிய வந்துட்டு ராமேஸ்வரம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புல லைட்ட அணைச்சுட்டு உக்கார வைப்பாங்க. நான் பாத்த தோப்புக்கு பின்னாடி எங்க சித்தப்பா சிநேகிதர் வீடு. ஆவி நடமாடுற சத்தம்னு அவங்க ரெக்கார்ட் பண்ணது அவரோட ஆடுங்க.

இப்ப எனக்கு நெஜமாவே கோவம் வந்த கதை. ரெண்டு வருஷம் முன்னாடி சொந்தக்காரங்கள கூட்டிட்டு அந்த சர்ச் இடிபாட்டுக்கு போயிருந்தேன். பவளப்பாறை கல்ல அடுக்கி கட்டுன சுவரு, கூரை கெடையாது, கிட்ட போய் தடவி பாத்தா கல்லுக்குள்ள பூ மாதிரி வரி வரியா பவளத்தோட அச்சு தெரியும். பீடம் இருந்த எடத்துக்கு முன்னாடி ஒரு பத்து பேர நிறுத்தி வச்சு கைடு ஒருத்தர் சொல்லிட்டு இருந்தார்... புயல் அன்னைக்கு ராத்திரி இங்க ஒரு கல்யாணம் நடந்துச்சாம், தாலி ஏறுற நேரம் அலை வந்து அடிச்சு பொண்ணு செத்துட்டாளாம், வெள்ளைப் புடவையில இன்னும் சுத்துறாளாம். டிசம்பர் 22 நடுராத்திரி, புயல் காத்துல, கிறிஸ்துமஸுக்கு முந்தி தவமா இருக்குற திருவருகைக் காலத்துல எந்த சாமியாருங்க கல்யாணம் பண்ணி வைப்பாரு? எங்க அப்பத்தாவுக்கு அந்தக் கோயில்ல தான் தாலி கட்டுனது, புயலுக்கு நாலு வருஷம் முன்னாடி. அந்த கல்யாணப் பொண்ணு 2011 வரைக்கும் தங்கச்சிமடத்துல திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அதோட தம்பி தான் வரல. துறைமுகத்துல மூட்டை தூக்கப் போன பையன், உடம்பு கூட கெடைக்கல. வருஷா வருஷம் அந்த ராத்திரி எங்க வீட்ல மெழுகுவத்தி ஏத்தி ஜெபமாலை சொல்லுவாங்க, அப்பத்தா மட்டும் வாசக்கதவ சாத்த விடாது.

எங்க ஊர்ல பேய்க்கதையே கெடையாதுன்னு சொல்ல வரல, தாராளமா இருக்கு. கரையில ராத்திரி வெளிச்சம் தெரிஞ்சா கொள்ளிவாய்ப் பிசாசுன்னு சொல்லி தான் எங்கள வளத்தாங்க, இருட்டுல தண்ணிப் பக்கம் போகக் கூடாதுல்ல அதுக்கு. ஆனா கதை சொல்லி முடிச்சுட்டு யாரும் ஜிபே ஸ்கேனர நீட்டுனதில்ல.

ஆவி தேடுற மெஷின்னு சொன்னீங்கள்ல, அந்த ஆவி பேசுற பொட்டிய பத்தி ஒண்ணு. அது ஒரு ரேடியோ தான், ஸ்டேஷன் ஸ்டேஷனா வேகமா தாவிக்கிட்டே இருக்கும், நடுவுல மாட்டுற துண்டு துண்டு வார்த்தைய ஆவி பேசுதுன்னுவாங்க. எங்க தீவுல சிலோன் எஃப்எம் சும்மாவே எடுக்கும். அந்த தோப்புல ஒரு தடவை பொட்டி சுத்தமான தமிழ்ல "நேரம் இப்பொழுது"ன்னு சொல்லுச்சு, ரெண்டு பேர் அலறி அடிச்சு ஓடுனாங்க, அடுத்த நிமிஷம் நகைக்கடை விளம்பரம் வந்துருச்சு.

மீட்டர்கேஜ்_பிரியன்:

பொடியன் தம்பி ஊரை பத்தி சொல்லிட்டாரு, ரயில நான் சொல்றேன். ஒவ்வொரு வீடியோலயும் போட் மெயில் முழுகுச்சுன்னு போடுறாங்க, பாத்தா ரத்தம் கொதிக்குது. முழுகுனது போட் மெயில் இல்ல. பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர், நம்பர் 653. டிசம்பர் 22 ராத்திரி 11:55க்கு பாம்பன்ல இருந்து எடுத்த வண்டி, கணக்குப்படி 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும். டிக்கெட் இல்லாம ஏறுனவங்களும் இருந்திருப்பாங்கன்னு சொல்றது உண்டு, ஆனா அதுக்காக ஆயிரம் எங்கிருந்து வந்துச்சு? மொத்த புயல்லயும் செத்தவங்க தான் சுமார் 1,800 பேர்னு சொல்றாங்க, அத தூக்கி ரயில்ல ஏத்திட்டான் போல.

போட் மெயில்ங்கிறது வேற கதை, அதுக்கு பேயே தேவையில்ல, அவ்ளோ சுவாரசியம். எழும்பூர்ல டிக்கெட் எடுத்தா கொழும்பு வரைக்கும் அதே டிக்கெட். முதல்ல தூத்துக்குடி வழியா தான் ஓடிட்டு இருந்துச்சு, 1914ல பாம்பன் பாலம் வந்த அப்புறம் தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், அந்தப் பக்கம் எறங்குனா மறுபடி ரயிலு. கடல் தாண்டுறது சுமார் 35 கிலோமீட்டர் தான். அதனால தான் ஒரு மணல் திட்டு மேல கஸ்டம்ஸ் ஆபீசு, தபால் ஆபீசு, ஆஸ்பத்திரி, சத்திரம்னு ஒரு ஊரே எழும்புச்சு.

அந்த விசில் சமாச்சாரம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு ஒரு யூகம். ஸ்டேஷனுக்கு கொஞ்சம் முன்னாடி சிக்னல் விழல, டிரைவர் நிறுத்தி வச்சு பாத்தாரு, அப்புறம் நீளமா ஒரு விசில் அடிச்சுட்டு ரிஸ்க் எடுத்து நகத்துனாருன்னு அந்தக் கால ரயில்வே ஆளுங்க சொல்லுவாங்க. அந்த நேரத்துல தான் அலை. 7 மீட்டர் உசரம்னா ரெண்டு மாடி. அந்த விசில உயிரோட கேட்டுட்டு வந்து சொல்ல வண்டியில யாரும் இல்ல, ஆனா அந்த மனுஷன் இருட்டுல பதில் வராத சிக்னல பாத்துட்டு நின்ன அந்த சில நிமிஷத்த நெனச்சா எனக்கு இன்னைக்கும் தொண்டை அடைக்குது. அத அமாவாசை சவுண்ட் எஃபெக்டா மாத்தி விக்கிறானுங்க.

அதே புயல்ல பாம்பன் பாலத்துல 126 கர்டர் (தண்டவாளத்த தாங்குற இரும்பு உத்தரம்) போச்சு. ஸ்ரீதரன் (பின்னாடி மெட்ரோ மனிதர் ஆனாரே, அவரே தான்) அப்ப சின்ன வயசு இன்ஜினியர், கடலுக்குள்ள கெடந்த கர்டர தேடி எடுத்து மாட்டி 46 நாள்ல பாலத்த திரும்ப நிறுத்துனாரு. ஆனா தனுஷ்கோடி லைன மட்டும் திரும்ப போடவே இல்ல. இத பத்தி ஒரு ரீல் காட்டுங்க பாப்போம்.

டெல்லி_தயிர்சாதம்:

இந்த ஆறு மணி போர்டு டெக்னிக் ராஜஸ்தான்லயும் உண்டு. நாங்க பான்கர் கோட்டைக்கு போனோம், அல்வார் மாவட்டம், "இந்தியாவிலேயே பேய் அதிகம் உள்ள இடம்"னு ஊரெல்லாம் பேசுற எடம். வாசல்ல தொல்லியல் துறை போர்டு, சூரியன் மறைஞ்ச அப்புறம் உள்ள வரக் கூடாதுன்னு இந்தியில. எல்லாரும் அது கூட நின்னு செல்ஃபி, "பாரு அரசாங்கமே பயப்படுது"ன்னு. அட, அந்த துறையோட நினைவுச் சின்னம் முக்காவாசிக்கு அதே நேரம் தான்யா. தஞ்சாவூர் பக்கம் ஒரு சின்ன சோழர் கோயிலுக்கு சாயங்காலம் போய் நின்னாலும் வாட்ச்மேன் சாவிய ஆட்டிக்கிட்டு விரட்டுவாரு, அங்க யாரு ஆவி, ராஜராஜனா? அதுலயும் பான்கர் சரிஸ்கா புலிக்காட்டு ஓரத்துல இருக்கு. ராத்திரி உள்ள இருந்தா பேய் அடிக்குதோ இல்லையோ சிறுத்தை அடிக்கும்.

கைடு அங்க ஒரு மந்திரவாதி, ஒரு ராணி, ஒரு எண்ணெய்க் கிண்ணம்னு முக்கா மணி நேரம் கதை விட்டாரு. 1573ல பகவந்த் தாஸ் தன் பையன் மாதோ சிங்குக்காக கட்டுன நகரம், 1783 பஞ்சத்தோட மிச்சம் மீதி இருந்த ஜனமும் போயிருச்சு, இத ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டாரு. பஞ்சத்துல ஒரு ஊரே காலியாச்சுங்கிறத கேட்டா தான் எனக்கு உண்மையில பயமா இருந்துச்சு. அங்க இருக்குற கோபிநாத் கோயில் சிற்பத்த பாக்க நாங்க ரெண்டு பேர் மட்டும் தான் நின்னோம், மத்தவங்க எல்லாம் இருட்டு ரூம்ல வௌவாலுக்கு கத்திட்டு இருந்தாங்க.

சென்னையிலயும் ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனிக்கு இதே கதி. ஜான் டிமான்டின்னு ஒரு போர்ச்சுகீசிய வியாபாரி, 1821ல செத்துப் போனவரு, சொத்த சர்ச்சுக்கு எழுதி வச்சாரு, அவ்ளோ தான். இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு பைக்ல வந்து கேட்டு முன்னாடி லைவ் போடுறானுங்க, அந்தத் தெருவுல தூங்குறவங்க நெலமைய யோசிங்க.

ராம்நாட்_வேன்காரன்:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க தம்பிங்களா. நான் தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டுனவன், நம்ம பக்கத்தையும் கேளுங்க. 2017ல ரோடு போடுறதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்துல இருந்து மணல்லயும் தண்ணிலயும் எங்க வேன் தான் போகும், டயர்ல காத்த எறக்கி விட்டு குலுங்கிக் குலுங்கி போவோம். ரோடு வந்துச்சு, நல்லது தான், ஆனா எல்லாரும் சொந்த கார்ல அரிச்சல்முனை வரைக்கும் போயிட்டு வந்துடுறாங்க, எங்க பொழப்பு போச்சு. நானும் ஆரம்பத்துல புயல பத்தி, கப்பல பத்தி எனக்கு தெரிஞ்சத சொல்லிக்கிட்டு தான் வந்தேன். பின் சீட்டு பசங்க ஹெட்போன் மாட்டிக்கிட்டு தூங்குவானுங்க. ஒரு நாள் சும்மா வெளயாட்டுக்கு "அந்த ஸ்டேஷன் பக்கம் ராத்திரி ஒரு வெளிச்சம் வரும்"னேன், அத்தனை பேரும் போன தூக்கிட்டானுங்க, எறங்குறப்ப 200 ரூபா டிப்ஸ். வயித்துக்காரன் என்ன பண்ணுவான் சொல்லுங்க. அந்த அம்மாவுக்கு எமோஜி போட்டவன் பண்ணது அயோக்கியத்தனம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா கதை சொல்ற எல்லாரும் திருடன்னு எழுதாதீங்க, அம்புட்டு தான்.

மன்னார்_கழுதை:

இஞ்சால கரையில இருந்து ஒரு வணக்கம். அந்தப் புயல் எங்களுக்கும் தான் அடிச்சது. எங்கட அம்மம்மா ஆக்கள் வயசு சொல்லேக்க கூட "புயலுக்கு முந்திப் பிறந்தவள், பிந்திப் பிறந்தவள்" எண்டு தான் கணக்கு வைப்பினம். தலைமன்னார் இறங்குதுறையில கப்பல் வாறேல்ல எண்டாலும் ரயில் 2015ல திரும்ப வந்திட்டுது.

அந்தப் பெட்டிக்குள்ள கதைச்சது எங்கட எஃப்எம் பிள்ளையாத்தான் இருக்கும். பாவம், தான் ஆவியெண்டு தெரியாமலே மாசச் சம்பளத்துக்கு வேலை செய்யுது.

ஒண்டு மட்டும் சொல்லவேணும். 2022ல இஞ்ச பால்மாவும் இல்ல எரிவாயுவும் இல்ல எண்டு நிக்கேக்க எங்கட சனம் கொஞ்சப்பேர் படகேறி அரிச்சல்முனைக்குக் கிட்ட மணல் திட்டில இறங்கினவை. படகுக்காரன் இருட்டுக்க இறக்கிவிட்டிட்டுப் போயிடுவான், விடிஞ்சு கரையோரக் காவல் படை வரும்வரைக்கும் கைக்குழந்தையோட அதிலயே நிக்கவேணும். அந்தப் பக்கம் ராவில தூரத்தில ஆள் உருவம் கண்டனாங்கள் எண்டு ஆராவது வீடியோ போட்டால் எனக்கு அந்த ஞாபகம் தான் வரும்.

தங்கச்சிமடம்_பொடியன்:

மன்னார் அண்ணே, அத நானும் நேர்ல பாத்துருக்கேன். ஒரு சின்னப் புள்ள, நனைஞ்ச ஸ்கூல் பேக்க விடவே மாட்டேன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதுக்கு மேல எழுத வரல.

வேன்காரண்ணே, உங்கள திருடன்னு நான் சொல்லுவேனா. எங்க மாமாவும் அதே ஸ்டாண்ட்ல தான் வண்டி போட்டிருந்தாரு. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த வெளிச்சத்துக்கு 200 ரூபா வந்துச்சு சரி, இப்ப அந்த வெளிச்சத்த மெஷினோட சேத்து 2,500க்கு விக்கிறவன் உங்க ஸ்டாண்டு ஆளா? எங்கயோ பெரிய ஊர்ல உக்காந்து பேஜ் நடத்துறான், இங்க ஒரு வண்டிக்காரருக்கு வாடகைய குடுத்துட்டு மிச்சத்த அள்ளிட்டு போறான். பாசிமணி விக்கிற பாட்டிகிட்ட ஒரு மாலை கூட அந்த கும்பல் வாங்குறதில்ல, ஏன்னா எறக்கி விட்ட உடனே யார்கிட்டயும் பேசாதீங்க, வைப் போயிரும்னு சொல்லி தான் கூட்டிட்டு வர்றாங்க.

ராம்நாட்_வேன்காரன்:

அது வாஸ்தவம் தம்பி. போன சீசன்ல எனக்கே வாடகைல 800 ரூபா பாக்கி வச்சுட்டான் ஒருத்தன். போன் எடுக்குறதில்ல, அவன் தான் இப்ப ஆவி.

சேலத்து_மாம்பழம்:

எல்லாருக்கும் நன்றிங்க. பசங்க குரூப்ல இந்த திரிய அப்படியே போட்டேன், ஒத்தக்கால்ல நின்னவன் கூட பொடியன் எழுதுன அப்பத்தா கதைய படிச்சுட்டு கம்முனு ஆயிட்டான். டூர கேன்சல் பண்ணியாச்சு. 500 திரும்ப வராதாம், "பாலிசி"யாம். போய்த் தொலையுது.

பகல்லயே போறதா முடிவு. வேன்காரண்ணே, உங்க வண்டியே ஏழு பேருக்கு போதுமா? பொய் வெளிச்சம் வேணாம், கப்பல் கதை சொல்லுங்க, யாரும் ஹெட்போன் போட மாட்டோம், நான் பொறுப்பு. அந்த தண்ணி ஊத்தையும், கரைவலை இழுக்குறதையும் பாக்கணும். எத்தனை மணிக்கு வந்தா சரியா இருக்கும்?

ராம்நாட்_வேன்காரன்:

ஏழு பேருக்கு தாராளம். வலைக்கு மணி எல்லாம் கெடையாதுங்க, காத்து தான் கணக்கு. நீங்க வர்ற மாசம் வாடைக்காத்து, வடகடல் கொந்தளிச்சு கெடக்கும், தென்கடல் பக்கம் தான் வலை விடுவாங்க, விடியக்காலை வந்தா பாக்கலாம். முந்தின நாள் ராத்திரி ஒரு மெசேஜ் போடுங்க, கரையில கேட்டு சொல்றேன். சும்மா நின்னு வேடிக்கை பாக்க விட மாட்டாங்க, கயிற புடிச்சு இழுக்க சொல்லுவாங்க, பழைய சட்டை எடுத்துட்டு வாங்க.